தலைக்கவசமும் தவக்குலும்: புதிதாக பைக் ஓட்டும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

(மதரஸா அரங்கில் அஸர் தொழுகைக்குப் பின் நமது அறக்கட்டளை நடத்திய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பிகளில் பலர் இந்த வருடம்தான் லைசென்ஸ் எடுத்திருக்கிறீர்கள். சிலர் எல்.எல்.ஆர். வைத்திருக்கிறீர்கள். சிலரிடம் இரண்டும் இல்லை, வண்டி மட்டும் இருக்கிறது. அதுவும் எங்களுக்குத் தெரியும். யாரையும் திட்டுவதற்காக இந்தக் கூட்டத்தைக் கூட்டவில்லை. முதலில் எங்கள் மீதுள்ள தவறைச் சொல்லிவிட்டுப் பிறகு உங்களிடம் பேசுகிறோம்.

நாங்கள் கேட்காமல் விட்ட இரண்டு கேள்விகள்

நமது அறக்கட்டளை பல வருடங்களாக வட்டியில்லாக் கடன் கொடுத்து வருகிறது. தையல் மிஷின், தள்ளுவண்டி, ஆட்டோ பழுதுபார்ப்பு என்று பலவற்றுக்குக் கொடுத்திருக்கிறோம். நமது மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தம்பி, வயது பத்தொன்பது, வீடுவீடாகப் பார்சல் கொடுக்கும் வேலை கிடைத்திருக்கிறது, பழைய பைக் ஒன்று வாங்க நாற்பதாயிரம் ரூபாய் வேண்டும் என்று வந்தார். குடும்ப நிலையை விசாரித்தோம். ஜாமீன் கையெழுத்து வாங்கினோம். தவணை பேசினோம். "லைசென்ஸ் எடுத்துவிட்டாயா? ஹெல்மெட் வைத்திருக்கிறாயா?" என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கேட்கவில்லை.

மூன்றாவது மாதம், மஃரிபுக்குச் சற்று முன்பு, புதிதாகப் போட்டு இன்னும் வெள்ளைக்கோடு அடிக்காத ஒரு வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டது. அப்போது அவர் வேகமாகவும் போகவில்லை. பார்த்தவர்கள் நாற்பதுக்குள்தான் இருக்கும் என்றார்கள். சாலையோரக் கல்லில் தலை மோதியது. அவரிடம் ஹெல்மெட் இருந்தது. பெட்ரோல் டேங்கின் மேல் இருந்தது.

பதினொரு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். அல்லாஹ் உயிரைத் திருப்பிக் கொடுத்தான், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வலது கை இன்றுவரை வேலை செய்யவில்லை. பெயர்கள் மறந்துவிடுகின்றன. அவருடைய தாயார் இப்போதும் ஊட்டிவிடுகிறார். அந்தத் தாயார் எங்களிடம் ஒரு குறையும் சொல்லவில்லை. "கடனை எப்படியாவது அடைத்துவிடுகிறோம்" என்றுதான் சொன்னார். அந்தக் கடனை நாங்கள் தள்ளுபடி செய்துவிட்டோம். ஆனால் கேட்காமல் விட்ட அந்த இரண்டு கேள்விகளுக்கு மறுமையில் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்தான். அந்தக் குடும்பத்தாரின் அனுமதியோடுதான் இதை உங்கள் முன் சொல்கிறோம்.

"எல்லாம் விதிப்படிதான் நடக்கும்" என்பவர்களுக்கு

அவரைப் பார்க்க மருத்துவமனைக்கு வந்த ஒரு பெரியவர், "தலையில் எழுதியது நடந்துவிட்டது, ஹெல்மெட் போட்டால் மட்டும் தடுக்க முடியுமா?" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனாலும் இந்தப் பேச்சு நம் பிள்ளைகளின் மனதில் தவறான இடத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறது.

கத்ரை நம்புவது ஈமானில் ஒரு பகுதி. அதில் நமக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டுத் தவக்குல் வைக்கட்டுமா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படிதான் நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். இது நாம் எல்லோரும் மதரஸாவில் படித்தது. இன்னொன்றை நாம் அதிகம் நினைப்பதில்லை. மக்கா வெற்றியின்போது நபி (ஸல்) அவர்கள் ஊருக்குள் நுழைகையில் தலையில் இரும்புக் கவசம் அணிந்திருந்தார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. உஹதில் இரண்டு கவச உடைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அணிந்திருந்தார்கள் என்பதும் ஹதீஸ் நூல்களில் உண்டு. அல்லாஹ்வின் மீது அவர்களைவிட அதிகம் தவக்குல் வைத்தவர் யார்? அவர்களே தலைக்கவசம் அணிந்திருக்க, "எனக்கு அல்லாஹ் போதும், ஹெல்மெட் வேண்டாம்" என்று நாம் சொல்வது தவக்குல் ஆகாது. அது அலட்சியம். நம் கைகளாலேயே நம்மை அழிவில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்ற எச்சரிக்கை அல்பகரா அத்தியாயத்தின் 195ஆம் வசனத்தில் இருப்பதையும் நினைவில் வையுங்கள்.

மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அந்த ஆண்டு அதிக விபத்துகள் பதிவான மாநிலம் நமது தமிழ்நாடுதான். ஹெல்மெட் அணிவது மரண ஆபத்தை 42 சதவீதமும், தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மருத்துவ அறிஞர்கள் சொல்கிறார்கள். விதியை மாற்றுவதற்காக நாம் ஹெல்மெட் போடவில்லை. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட உடல் ஓர் அமானத். அதைக் காப்பதற்காகப் போடுகிறோம்.

ஹெல்மெட் வாங்குவதும் அணிவதும்

ஹெல்மெட்டின் வெளியே இருப்பது கடினமான ஓடு. உயிரைக் காப்பது உள்ளே இருக்கும் தெர்மாகோல் போன்ற அடுக்கு. மோதும்போது அது நசுங்கி, அடியின் வேகத்தைத் தான் வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் சாலையோரத்தில் விற்கும் மெல்லிய தொப்பி ஹெல்மெட்டால் பயன் இல்லை. அதில் ஓடு இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. போலீஸை ஏமாற்றலாம், தார் சாலையை ஏமாற்ற முடியாது.

வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதன் மேல் ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். 2021 ஜூன் முதல் தேதியிலிருந்து இந்த முத்திரை இல்லாத இருசக்கர வாகன ஹெல்மெட்டை இந்தியாவில் விற்பதே சட்டவிரோதம். முகம் முழுவதையும் மூடும் வகை நல்லது. குப்புற விழுபவருக்கு முதலில் அடிபடுவது தாடைதான்.

அளவு மிக முக்கியம். தலையில் போட்டு, பட்டையை மாட்டிக்கொண்டு, தலையை இடமும் வலமும் வேகமாக ஆட்டிப் பாருங்கள். ஹெல்மெட் தனியாக ஆடினால் அது பெரிது. கன்னத்தை லேசாக அழுத்த வேண்டும், நெற்றியில் வலிக்கக் கூடாது. தாடைப் பட்டைக்கும் தாடைக்கும் நடுவே ஒரு விரல், அல்லது இரண்டு விரல் நுழையும் இடம் போதும். பட்டை மாட்டாத ஹெல்மெட் நீங்கள் கீழே விழுவதற்கு முன்பே கழன்று விழுந்துவிடும்.

ஒரு பெரிய அடி வாங்கிய ஹெல்மெட்டை மறுபடி போடாதீர்கள். வெளியே கீறல்தான் தெரியும், உள்ளே நசுங்கியது நசுங்கியதுதான். இரவில் கறுப்புக் கண்ணாடி வேண்டாம். ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் நடுவே போனைச் செருகிப் பேசுவதும் வேண்டாம்.

"பள்ளிவாசலுக்குத்தானே, தொப்பி போட்டிருக்கிறேன்" என்று சிலர் சொல்கிறார்கள். தலைப்பாகை அணிந்த சீக்கியர்களுக்கு மட்டுமே சட்டத்தில் விலக்கு இருக்கிறது. நமது தொப்பியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்ப் பள்ளிவாசலில் போட்டுக்கொள்ளலாம். வீட்டிலிருந்து பள்ளிவாசல் அரை கிலோமீட்டர்தான். நாங்கள் சொன்ன அந்தத் தம்பி விழுந்த இடமும் அவர் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்தான் இருந்தது.

காலும் கையும்

விழும்போது யாராக இருந்தாலும் கையைத்தான் முதலில் ஊன்றுவோம். உள்ளங்கைத் தோல் உரிந்தால் சாப்பிடவும் ஒலூ செய்யவும் படும் சிரமம் பட்டவர்களுக்குத் தெரியும். தடித்த கையுறை ஒரு ஜோடி வாங்கி வையுங்கள். வேலை காரணமாக நாள் முழுவதும் வண்டியில் இருப்பவர்கள் முழங்கையிலும் தோளிலும் பட்டை வைத்த ஜாக்கெட் வாங்கினால் அது வீண்செலவு ஆகாது. அது முடியாவிட்டால் முழுக்கைச் சட்டையாவது போடுங்கள். கைலி கட்டிக்கொண்டு பைக் ஓட்டாதீர்கள். ஹவாய் செருப்போடு கியர் போடுவதும் காலூன்றி நிறுத்துவதும் ஆபத்து. கணுக்கால் மூடிய ஷூ நல்லது.

தாய்மார்களுக்கும் சகோதரிகளுக்கும்

பின்னால் உட்காரும் நம் வீட்டுப் பெண்களின் புர்காவோ துப்பட்டாவோ சக்கரத்திலும் செயினிலும் சிக்கி விபத்து நடக்கிறது. கழுத்தில் சுற்றிய துணி சக்கரத்தில் சிக்கினால் நொடியில் முடிந்துவிடும். ஏறி உட்கார்ந்ததும் துணியின் நுனிகளை அள்ளி மடியில் வைத்து அதன் மேல் கைப்பையை வையுங்கள். ஓட்டுகிறவர் திரும்பிப் பார்த்து, "துணி சரியாக இருக்கிறதா?" என்று கேட்ட பிறகுதான் கிளட்சை விட வேண்டும். பின்சக்கரத்துக் காப்புக் கம்பியை அழகுக்காகக் கழற்றி வைத்திருக்கும் தம்பிகள் நாளைக்கே மாட்டுங்கள். ஸ்கூட்டி ஓட்டும் சகோதரிகள் ஹிஜாபைத் தட்டையாகக் கட்டிக்கொண்டால் ஹெல்மெட் சரியாக உட்காரும். பின்னே பெரிய கொண்டை இருந்தால் ஹெல்மெட் முன்பக்கம் சாய்ந்துவிடும்.

பின்னால் உட்காருகிறவருக்கும், நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கும் ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தையை ஏற்றினால் குழந்தைக்கான ஹெல்மெட்டும், ஓட்டுகிறவரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. பெட்ரோல் டேங்கில் ஒரு பிள்ளை, நடுவில் ஒரு பிள்ளை, பின்னால் மனைவி என்று கல்யாண மண்டபத்துக்குப் போகும் காட்சியை நாம் தினமும் பார்க்கிறோம். இரண்டு நடையாகப் போங்கள், அல்லது ஒரு ஆட்டோ பிடியுங்கள்.

புதிதாக ஓட்டுகிறவருக்கு வேண்டிய நிதானம்

ஹெல்மெட் விழுந்த பிறகு காப்பாற்றுவது. நிதானம் விழாமலே காப்பாற்றுவது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் போகிறது. 60இல் ஏறத்தாழ 17 மீட்டர். குறுக்கே ஒரு ஆடு வருவதைக் கண் பார்த்து, கை பிரேக்கைப் பிடிக்கவே ஒரு நொடி ஆகிவிடும். காய்ந்த சாலையில் நல்ல டயர் இருந்தாலும், 40இல் போனால் முழுதாக நிற்க 22 மீட்டர் அளவுக்கு வேண்டும். 60இல் 40 மீட்டர் அளவுக்கு வேண்டும். வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது, தூரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிவிட்டது. 60இல் சுவரில் மோதுவது நாலு மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். இதைக் கணக்குப் படிக்கும் பிள்ளைகளே போட்டுப் பார்க்கலாம்.

பிரேக் பிடிப்பதைப் பழக வேண்டும். வண்டியை நிறுத்தும் பெரும்பங்கு வேலையை முன் பிரேக்தான் செய்கிறது. அதற்குப் பயந்து பின் பிரேக்கை மட்டும் மிதிப்பவர் நேரத்தில் நிற்க மாட்டார். சட்டென்று அமுக்கினால் முன்சக்கரம் வழுக்கும். இரண்டையும் சேர்த்து, முன் பிரேக்கைப் படிப்படியாக அழுத்திப் பழகுங்கள். மணலிலும் வளைவிலும் முன் பிரேக்கை அழுத்திப் பிடிக்காதீர்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். 2019 ஏப்ரலுக்குப் பின் வந்த புது வண்டிகளில் 125 சி.சி.க்கு மேல் ஏ.பி.எஸ்., அதற்குக் கீழே இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் வசதி கட்டாயம். நீங்கள் வாங்கும் பழைய வண்டியில் அது இருக்கிறதா என்று தெரிந்துகொண்டு ஓட்டுங்கள்.

மழை தொடங்கும் முதல் சில நிமிடங்கள்தான் அதிக வழுக்கல். சாலையில் படிந்த எண்ணெய் அப்போதுதான் மேலே வரும். ஒரு டீக்கடையில் ஒதுங்குங்கள். லாரி, பஸ்ஸின் இடது பக்கமாக நுழையாதீர்கள். அந்த ஓட்டுநரின் கண்ணாடி உங்களுக்குத் தெரியவில்லை என்றால் நீங்களும் அவருக்குத் தெரியவில்லை. கிளம்பும்போது சைடு ஸ்டாண்டை எடுத்துவிட்டோமா என்று காலால் ஒருமுறை தட்டிப் பாருங்கள்.

நிதானத்தில் கஷ்டமான பகுதி இனிதான் வருகிறது. நண்பன் வண்டியில் மூன்றாவது ஆளாக ஏறச் சொன்னால் மாட்டேன் என்று சொல்ல வேண்டும். முன்னால் போகிறவன் வேகம் பிடித்தால், போகட்டும் என்று விட வேண்டும். தூக்கம் வந்தால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். இதற்குத் தைரியம் வேண்டும். ஆக்ஸிலேட்டரைத் திருகுவதற்கு எந்தத் தைரியமும் வேண்டாம்.

ரமலான் இரவுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தராவீஹ் முடிந்து சஹர் வரைக்கும் வெறிச்சோடிய சாலையில் நம் பிள்ளைகள் சிலர் சைலன்ஸரைக் கழற்றிவிட்டுப் பந்தயம் ஓட்டுகிறார்கள். அடுத்த மத மக்கள் தூங்கும் தெருவில் அந்தச் சத்தம் நமது ரமலானின் சத்தமாகப் போய்ச் சேருகிறது. லைலத்துல் கத்ரைத் தேடும் இரவில் ஒரு தாய் மருத்துவமனை வாசலில் நிற்க வேண்டுமா?

ஜும்ஆவுக்கு இகாமத் சொல்லும் நேரத்தில் பறந்து வருகிறவர்களும் கேளுங்கள். இகாமத் கேட்டால் ஓடி வராமல் அமைதியோடு நடந்து வரும்படியும், கிடைத்ததைத் தொழுது விடுபட்டதை நிறைவு செய்யும்படியும் நபி (ஸல்) அவர்கள் கற்றுக் கொடுத்தார்கள். அரஃபாவிலிருந்து திரும்பும்போது பின்னால் ஒட்டகங்களை அடித்து விரட்டும் சத்தம் கேட்டு, மக்களை அமைதியாக இருக்கச் சொன்னார்கள். விரட்டிச் செல்வதில் நன்மை இல்லை என்றும் சொன்னார்கள். ஹஜ்ஜிலேயே இது என்றால், பிரியாணிப் பொட்டலம் வாங்கப் போகும் வேகத்துக்கு என்ன நியாயம்?

பெற்றோர்களே, சாவி உங்கள் கையில்

பதினெட்டு வயது ஆகாத பிள்ளை கியர் வண்டி ஓட்டினால், பெற்றோருக்கு அல்லது வண்டியின் உரிமையாளருக்கு மூன்று வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவு சொல்கிறது. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. வளைகுடாவில் ஓட்டுநர் வேலைக்குப் போகலாம் என்று கனவு காணும் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று யோசியுங்கள்.

லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி இன்னொருவருக்குக் காயம் ஏற்படுத்தினால், இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்த நஷ்டஈட்டை உரிமையாளரிடமே வசூலிக்க நீதிமன்றம் அனுமதிப்பது வழக்கம். வீட்டை விற்றுக் கட்ட வேண்டிய நிலை வரும். அந்தக் காயம்பட்டவரும் ஒரு வீட்டின் பிள்ளைதான்.

வெளிநாட்டில் இருக்கும் வாப்பாமார்கள் பிள்ளை பத்தாவது பாஸானதும் பைக் அனுப்பிவிடுகிறார்கள். பிரிந்திருக்கும் ஏக்கத்தைப் பொருளால் ஈடுகட்டப் பார்க்கிறார்கள், எங்களுக்குப் புரிகிறது. இரண்டு வருடம் பொறுங்கள். வாங்கிக் கொடுக்கும்போது இருநூறு சி.சி. வண்டி வேண்டாம், நூறு, நூற்றிப்பத்து சி.சி. போதும். வண்டி விலையோடு இரண்டு ஹெல்மெட்டின் விலையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். தந்தை ஹெல்மெட் போடாமல் போய்க்கொண்டு பிள்ளைக்கு உபதேசம் செய்தால் அது பலிக்காது.

விபத்தைப் பார்த்தால்

108க்கு அழையுங்கள். அடிபட்டவரை இரண்டு பேருக்கு நடுவே பைக்கில் உட்கார வைத்துத் தூக்கிப் போகாதீர்கள். கழுத்தெலும்பு முறிந்திருந்தால் அதுவே அவரை முடமாக்கிவிடும். மூச்சு விடுகிறார் என்றால் ஹெல்மெட்டைப் பிடித்து இழுக்காதீர்கள். தண்ணீர் கொடுக்காதீர்கள். ரத்தம் வரும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். உதவி செய்தவரைப் பெயர் சொல்லும்படியோ சாட்சி சொல்லும்படியோ கட்டாயப்படுத்த முடியாது என்று சட்டம் பாதுகாப்பு தந்திருக்கிறது. 2021இல் தமிழக அரசு தொடங்கிய "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேர சிகிச்சை அரசு மருத்துவமனைகளிலும் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இலவசம். முன்பணம் இல்லையே என்று யாரும் தயங்கி நிற்க வேண்டாம்.

நாங்கள் எடுத்துள்ள முடிவுகள்

இனிமேல் வண்டிக்காக வட்டியில்லாக் கடன் கேட்டு வருபவர் லைசென்ஸைக் காட்ட வேண்டும். கடன் தொகையோடு இரண்டு ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட்டுகளை அறக்கட்டளையே கொடுக்கும். அதற்குத் தவணை இல்லை. ஹெல்மெட் இல்லாமல் ஓட்டுவதைப் பார்த்தால் முதலில் வீட்டுக்கு வந்து பேசுவோம்.

ஈத்கா மைதானத்தில் ஞாயிறுதோறும் ஃபஜ்ருக்குப் பின், ஓட்டுநர் பயிற்சியில் அனுபவமுள்ள நமது சகோதரர்கள் பிரேக் பிடிக்கவும் வளைவில் திருப்பவும் சொல்லிக் கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கட்டணம் இல்லை. பள்ளிவாசல் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் ஹெல்மெட் வைக்கவும் ஓர் அலமாரி வைக்கிறோம். "எங்கே வைப்பது?" என்ற சாக்கு இனி வேண்டாம்.

இன்று இந்தக் கூட்டத்துக்கு அந்தத் தம்பியும் வந்திருக்கிறார். கடைசி வரிசையில் தன் தாயாரோடு உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பேசச் சொல்லி நாங்கள் கஷ்டப்படுத்தவில்லை. போகும்போது அவரிடம் ஸலாம் சொல்லிவிட்டுப் போங்கள். உங்கள் பெயரையும் சொல்லுங்கள். மறந்துவிட்டால் மறுபடி சொல்லுங்கள்.

யா அல்லாஹ், அவருக்குப் பூரண ஷிஃபாவைத் தருவாயாக. எங்கள் பிள்ளைகளை வீட்டை விட்டுப் போகும்போதும் திரும்பும்போதும் உன் பாதுகாப்பில் வைப்பாயாக. நாங்கள் கேட்காமல் விட்டதை மன்னிப்பாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.